பாறுகள் இருந்த ஊர், பாறுகள் இல்லாத ஊர்

மாடு செத்துப்போனால் என்ன செய்வது என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியக் கிராமங்களில் யாரையும் வாட்டிய கேள்வி அல்ல. ஊரெல்லைக்கு வெளியே, ஓடைக்கரையிலோ பொட்டலிலோ அதற்கென்று ஓரிடம் இருக்கும். அங்கே இழுத்துப் போட்டுத் தோலை உரித்தெடுத்துக்கொண்டு ஆட்கள் விலகிய சிறிது நேரத்தில் உயரத்தில் ஒரு பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, வட்டமிடும். அது இறங்குவதைத் தொலைவில் மிதந்துகொண்டிருக்கும் இன்னொன்று கவனிக்கும். அதன் போக்கைப் பார்த்து மூன்றாவது வரும். பல மைல் சுற்றளவிலிருந்து இப்படியே பறவைகள் வந்து குவியும். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு முழு மாட்டின் இறைச்சி ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். எலும்பு மட்டும் வெயிலில் காயும். சில நாள் கழித்து எலும்பு பொறுக்குகிறவர்கள் வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போய் எரு ஆலைக்கும் ஜெலட்டின் ஆலைக்கும் விற்பார்கள்.

அந்த நாளைப் பொற்காலமாக வரைய நான் விரும்பவில்லை. செத்த மாட்டை இழுக்கும் வேலை யார் தலையில் கட்டப்பட்டிருந்தது, மறுத்தால் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அந்த அநீதி வேறு, பறவை செய்த வேலை வேறு. ஆனால் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு வேலையையும் ஊர் தினமும் அனுபவித்தது, எதையும் மதிக்கவில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று பெயர் சொல்லும்போதே முகம் சுளிக்கிற பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

அன்று அந்தப் பறவைகள் எத்தனை இருந்தன என்று சொன்னால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். வெண்முதுகுப் பாறுதான் உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் வாழும் பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கக்கூடும் என்று 1980களில் பறவையியலாளர்கள் எழுதினார்கள். இந்தியாவில் மட்டும் எல்லாப் பாறுகளும் சேர்ந்து நான்கு கோடி இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. டெல்லியின் சாலையோர மரங்களில் அவை கூடு கட்டின. மாட்டிறைச்சிக் கூடங்களின் சுவர்களிலும் தோல் பதனிடும் ஊர்களின் குப்பைமேடுகளிலும் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. விமானங்களில் மோதிவிடும் என்பதால் விமானப் படையும் விமான நிலையங்களும் இவற்றை ஒரு தொல்லையாகவே பார்த்தன. எண்ணிக்கையைக் குறைப்பது எப்படி என்பதுதான் அன்று சிலருக்கு இருந்த கவலை.

இவ்வளவு பெருங்கூட்டம் இங்கே வாழ்ந்ததற்கு நம்முடைய வாழ்க்கைமுறையே காரணம். உலகில் கால்நடைகள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று இந்தியா. 2019 கணக்கெடுப்பின்படி ஆடு மாடு எருமை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 53 கோடியே 60 லட்சம். பல மாநிலங்களில் பசுவை வெட்டுவதற்குத் தடை இருக்கிறது. வயதாகிச் சாகும் மாடு எங்காவது போய்ச் சேர்ந்துதான் ஆகவேண்டும். மேலை நாடுகளில் இதற்கென்று கொதிகலன் ஆலைகளும் எரியூட்டு நிலையங்களும் உண்டு. நம்மிடம் அப்படி எதுவும் கட்டப்படவில்லை, அதற்கான தேவையும் எழவில்லை. சிறகு கொண்ட ஒரு துப்புரவுத் துறை, சம்பளம் கேட்காமல், நாடு முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது.

பாறின் உடலமைப்பே அந்த வேலைக்கானது. தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாததால் பிணத்துக்குள் தலையை நுழைத்தாலும் அழுக்கு அதிகம் ஒட்டாது. ஏறும் வெப்பக்காற்றில் இறக்கையை அசைக்காமல் மணிக்கணக்கில் மிதந்து பெரும் பரப்பைத் தேடிவிடும். வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் பெருகும் பல கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. நாயோ எலியோ அதே இறைச்சியைத் தின்றால் நோயைச் சுமந்து ஊருக்குள் கொண்டுவரும். பாறு தின்றால் நோய் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பறவைகள் மறையத் தொடங்கியதை முதலில் கவனித்தவர்களில் முக்கியமானவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்தில் 1980களின் பிற்பகுதியில் அவர் 350க்கும் அதிகமான பாறுக் கூடுகளை எண்ணியிருந்தார். 1990களின் நடுவில் அதே இடத்துக்குத் திரும்பியபோது பாதிக்கு மேல் காணவில்லை. மரத்தடியில், புதரில், கூட்டுக்குள்ளேயே பறவைகள் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்தவை கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாள் முழுக்க அசையாமல் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சரணாலயத்தில் பாறுக் கூடே இல்லை என்றாயிற்று. நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இதே செய்திதான் வந்தது.

என்ன நடக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. புதிய வைரஸ் ஒன்று பரவுகிறது என்று பலர் நினைத்தார்கள். பூச்சிமருந்து, ஈயம், உணவுப் பஞ்சம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் மாறாமல் தெரிந்தது. ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெள்ளையாக யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து செத்திருக்கின்றன.

விடையைக் கண்டுபிடித்தவர் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியலாளர். பாகிஸ்தானில் தன் குழுவோடு வேலை செய்த அவர், நோய்க்கிருமியும் பூச்சிமருந்தும் இல்லை என்று உறுதியானபின் வேறு வழியில் யோசித்தார். அங்கே பாறுகளின் உணவு ஏறக்குறைய முழுவதும் வீட்டுக் கால்நடை. அப்படியானால் கால்நடைக்கு நாம் கொடுக்கும் ஏதோவொன்றுதான் பறவைக்குள் போயிருக்க வேண்டும். கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்து, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து எது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருக்கிறது என்று தேடினார். கிடைத்த ஒரே பெயர் டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் நாமெல்லாம் விழுங்கும் அதே மாத்திரையின் மருந்து. சிறுநீரகம் செயலிழந்து செத்த 25 பாறுகளைச் சோதித்தார்கள். 25லும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளைச் சோதித்தார்கள்; ஒன்றில்கூட இல்லை. 2004 ஜனவரியில் நேச்சர் இதழில் இந்த முடிவு வெளியானது.

மருந்து மாட்டுக்கு நல்லதுதான் செய்தது. நொண்டும் மாடு எழுந்து நடந்தது, மடிவீக்கம் குறைந்தது, காய்ச்சல் இறங்கியது. 1990களின் தொடக்கத்தில் காப்புரிமைக் கட்டுப்பாடு நீங்கிப் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை மளமளவென இறங்கியது. கடன் வாங்கி ஒற்றைக் கறவைமாடு வைத்திருப்பவருக்கு அது வரம். ஊசி போட்ட சில நாளில் மாடு செத்துப்போனால் மட்டும் அந்த உடல் நஞ்சு. மனிதனோ மாடோ எளிதாக வெளியேற்றிவிடும் மருந்து, வெண்முதுகுப் பாறு, நீள்மூக்குப் பாறு போன்ற ஜிப்ஸ் பேரினப் பாறுகளின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் முடக்கிவிடுகிறது.

இங்கே பாறின் பெருந்தன்மையான பழக்கமே அதற்கு எமனாயிற்று. அது தனியாகத் தின்னாது. ஊரைக் கூட்டித் தின்னும். நஞ்சேறிய ஒரே மாடு பல பத்துப் பறவைகளைக் கொல்லும். நாட்டில் விழும் கால்நடைப் பிணங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இப்படியொரு வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வர ஐந்து ஆண்டுகளாவது ஆகும். இழப்பை ஈடுசெய்ய அதனிடம் வேறு வழி இல்லை. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. நீள்மூக்குப் பாறுகளில் நூற்றுக்கு மூன்று மிஞ்சின. இவ்வளவு எண்ணிக்கையில் இருந்த ஒரு பறவை இவ்வளவு வேகமாக வீழ்ந்த உதாரணங்கள் உலக வரலாற்றிலேயே மிகக் குறைவு.

அதன்பிறகு ஊரெல்லையில் செத்த மாடு என்ன ஆயிற்று? அழுகியது. நாற்றம் ஊருக்குள் வந்தது. மழைக்காலத்தில் அழுகல் ஓடையில் கலந்தது. சில இடங்களில் பிணத்தின் மேல் இரசாயனத்தைக் கொட்டினார்கள், அதுவும் தண்ணீருக்குள் போனது. எலும்பு பொறுக்கிப் பிழைத்தவர்களின் தொழில் நசித்தது. சுத்தமான எலும்புக்குப் பதிலாக அழுகிய சதை ஒட்டிய எலும்புதான் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாய்கள் வந்தன.

ராஜஸ்தானில் பிகானேர் நகருக்குப் பக்கத்தில் ஜோர்பீர் என்றொரு இடம். மாவட்டத்தின் செத்த கால்நடைகளை அங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். குளிர்காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வலசை வரும் பாறுகளைப் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள்கூட அங்கே வருகிறார்கள். அந்தப் பறவைகளோடு போட்டி போட்டு இறைச்சியில் கொழுக்கும் நாய்க்கூட்டமும் அங்கே உண்டு. இந்தியாவெங்கும் சிறிய அளவில் நடந்தது இதுதான். உணவு காலியாகக் கிடந்தது, அதைத் தின்று நாய்கள் பெருகின.

வெறிநாய்க்கடி என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் அவர்கள் குழந்தைப் பருவத்தோடு கலந்தது. அந்தப் பழைய தடுப்பூசியைப் பல ஆண்டுகள் தயாரித்த நிலையங்களில் குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஒன்று. இன்று ஊசி தோளுக்கு வந்துவிட்டது, எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. ஆனால் நோய் முற்றிவிட்டால் மருத்துவத்தால் காப்பாற்ற முடியாது என்பது மாறவில்லை. அனில் மார்க்கண்டேயா என்ற பொருளாதார அறிஞரும் அவரது குழுவினரும் 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பாறுகள் குறைந்த காலத்தில் நாய்களின் எண்ணிக்கை சுமார் 55 லட்சம் கூடியது. அதனால் 1992 முதல் 2006 வரை 3 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான கூடுதல் நாய்க்கடிகள். ஏறத்தாழ 47,000 கூடுதல் ரேபிஸ் சாவுகள். நாய் கடித்தவர்களில் பெரும் பங்கு ஏழைகள். செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகள், விடியலில் குப்பை அள்ளப் போகிறவர்கள், தெருவில் படுப்பவர்கள்.

இன்னும் பெரிய கணக்கு 2024இல் வந்தது. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மாவட்டவாரியாக இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். பாறுகள் வாழத் தகுந்த மாவட்டங்கள் ஒரு பக்கம், இயல்பாகவே பாறுகள் அதிகம் இல்லாத மாவட்டங்கள் இன்னொரு பக்கம். மருந்து பரவுவதற்கு முன் இரண்டு பக்கமும் இறப்பு விகிதம் ஏறக்குறைய சேர்ந்தே நகர்ந்தது. பாறுகள் செத்தபின் முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் கூடுதல் சாவுகள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கால்நடை அதிகமும் மக்கள் நெருக்கமும் சேர்ந்திருந்த நகர்ப்புறங்களில் பாதிப்பு அதிகம். அங்கேதான் பிணங்கள் குவிந்தன, அங்கேதான் தண்ணீரில் மலக்கிருமிகள் கூடின, அங்கேதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அதிகம் விற்றது.

5 லட்சம் பேர். இந்தக் கணக்கில் ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு; புள்ளிவிவரத்தில் அது இயல்பு. பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு பெரும் போருக்கு நிகரான சாவு. அந்தச் சாவுகளுக்குக் கொடி இறக்கப்படவில்லை. ஒரு சாவுச் சான்றிதழில்கூட பறவை இல்லாததால் இறந்தார் என்று எழுதவில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, நாய் கடித்தது, காய்ச்சல் என்றுதான் எழுதினார்கள்.

2005இல் ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் 1,300க்கும் அதிகமான அறிஞர்கள் சேர்ந்து உலகின் இயற்கை அமைப்புகளின் நிலையை மதிப்பிட்டு ஓர் அறிக்கை தந்தார்கள். மண், நீர், காடு, கடல், மகரந்தச் சேர்க்கை, கழிவைச் சிதைப்பது என்று இயற்கை மனிதனுக்குச் செய்யும் 24 பணிகளை ஆராய்ந்து, 15 பணிகள் சீரழிந்துகொண்டிருக்கின்றன என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட அறிக்கைகளை நாம் தலைப்புச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். மனிதன் இயற்கையைச் சார்ந்து வாழ்கிறான் என்ற சொற்றொடர் பள்ளிப் பாடத்தில் தேய்ந்துபோன ஒன்று. அந்தச் சார்பு எப்படிப்பட்டது, அறுந்தால் யார் வீட்டில் சாவு விழும் என்று எண்ணிக்கையோடு காட்டிய மிகச் சில நிகழ்வுகளில் இந்தியப் பாறுகளின் கதை ஒன்று. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மும்பை மலபார் மலையில் பார்சி மக்களின் மௌன கோபுரங்கள் இருக்கின்றன. இறந்தவரின் உடலைப் பறவைகளுக்குக் கொடுப்பது அவர்களது சமயக் கடமை. நெருப்பும் மண்ணும் நீரும் புனிதம், பிணத்தால் அவற்றைத் தீண்டக்கூடாது என்பது நம்பிக்கை. பாறுகள் இருந்த காலத்தில் உடல் விரைவில் எலும்பாகிவிடும். பாறுகள் போனபின் உடல்கள் முழுதும் சிதையாமல் நீண்டநாள் கிடந்தன. சூரிய ஒளியைக் குவிக்கும் தகடுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் அது போதவில்லை. நூற்றாண்டுகளாகக் காத்த முறையை விட்டுச் சில குடும்பங்கள் எரியூட்டத் தொடங்கின. அதனால் சமூகத்துக்குள் மனக்கசப்பு எழுந்தது. ஒரு வலிமருந்து ஒரு மதத்தின் ஈமச்சடங்கை மாற்றியது.

நமக்கும் அப்படி ஓர் இழப்பு உண்டு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருக்கழுக்குன்றம். வேதகிரி மலையில் நடுப்பகலில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வரும், குருக்கள் சர்க்கரைப் பொங்கலை நீட்டுவார், அவை வாங்கித் தின்றுவிட்டுப் பறந்துவிடும். காலையில் கங்கையில் நீராடி, மதியம் இங்கே உண்டு, மாலையில் ராமேசுவரம் போகிற முனிவர்கள் அவை என்பது ஐதீகம். பட்சி தீர்த்தம் என்று ஊருக்கே ஒரு பெயர் உண்டு. நூற்றாண்டுகளாக வெளிநாட்டுப் பயணிகளும் அதைப் பார்த்துக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள், உருவில் சிறியவை. 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. படியேறும் பக்தர்களில் வயதானவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம் கழுகு இறங்கும் பாறையைக் காட்டி, நாங்கள் பார்த்திருக்கிறோம் என்று மட்டுமே சொல்ல முடிகிறது. இராவணனோடு சண்டையிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்குப் புள்ளிருக்குவேளூரில் வழிபாடு உண்டு. பறவையைத் தெய்வத்தோடு சேர்த்து வைத்த நாட்டில், பறவை போனதன் காரணத்தைக் கண்டறிய வெளியிலிருந்து விஞ்ஞானி வரவேண்டியிருந்தது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தமிழ்நாட்டில் பாறுகளை இன்று பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் வடக்குச் சரிவுக்குக் கீழே போக வேண்டும். முதுமலை, மசினகுடி, சீகூர், அங்கிருந்து கிழக்கே தெங்குமரஹாடா வரை மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு. ஓடைக்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. செங்குத்துப் பாறை இடுக்குகளில் நீள்மூக்குப் பாறு. செந்தலைப் பாறு எண்ணிக்கையில் மிகக் குறைவு. கர்நாடகத்தின் பந்திப்பூரையும் கேரளத்தின் வயநாட்டையும் சேர்த்துப் பார்த்தால் தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பெரிய கூட்டம் இதுதான்.

ஏன் இங்கே மட்டும் தப்பின? காட்டில் புலியும் செந்நாயும் கொன்ற மானும் காட்டெருமையும் கிடைக்கின்றன. அவற்றுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. காடு மருந்திலிருந்து விலகி நின்ற அளவுக்குப் பறவை பிழைத்தது. புலி உயிரோடிருந்ததால் பாறு உயிரோடிருக்கிறது. மூன்று மாநில வனத்துறைகளும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 2023 தொடக்கத்தில் 246 பாறுகளும், அந்த ஆண்டின் இறுதியில் 320 பாறுகளும் பதிவாயின. முந்தைய காலத்தில் ஒரே மாட்டுப் பிணத்தின்மேல் இறங்கிய கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனாலும் குறையவில்லை என்பதே பெரிய செய்தி.

அந்தப் பள்ளத்தாக்கில் அச்சம் இப்போது வேறு வடிவில் இருக்கிறது. மேய்ச்சலுக்குப் போன மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்துவிட்டால் மாட்டுக்காரருக்கு ஆத்திரம் வருவது இயல்பு. மிச்சப் பிணத்தின்மேல் பூச்சிமருந்தைத் தடவி வைத்துவிட்டால், திரும்பி வரும் புலியோடு பாறுக்கூட்டமும் சாகும். இதைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. மாட்டுக்கான இழப்பீடு அலைக்கழிக்காமல் உடனே கைக்கு வரவேண்டும். சு. பாரதிதாசனின் அருளகம் அமைப்பு போன்றவர்கள் பல ஆண்டுகளாக இந்த ஊர்களிலும் மருந்துக் கடைகளிலும் பேசிப் பேசி வருவது இதைத்தான். இருளர், குறும்பர் குடியிருப்புகளில் பாறு எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புத் திட்டங்களில் அவர்களது அறிவுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

மருந்தின் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. பாகிஸ்தானும் நேபாளமும் அதே ஆண்டில் செய்தன. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்து உறுதிசெய்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி பெரிய குப்பி கடையில் கிடைத்ததால் அதை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. 2015இல் மனித மருந்தின் குப்பி 3 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய இரண்டும் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தபின்னும் அவற்றைத் தடைசெய்ய 2023 வரை ஆயிற்று. ஆதாரம் கிடைத்ததற்கும் ஆணை பிறந்ததற்கும் இடையிலான ஒவ்வோர் ஆண்டும் பறவைகளின் உயிரில் கணக்கிடப்பட வேண்டியது. கால்நடை மருந்து ஒன்றை அனுமதிக்கும் முன்பே அது பாறுகளுக்குப் பாதுகாப்பானதா என்று சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். செத்தபின் எண்ணிப் பார்ப்பது அறிவியல் ஆகலாம், ஆட்சி ஆகாது.

ஐரோப்பாவும் நம்மிடமிருந்து பாடம் கற்றதாகத் தெரியவில்லை. அக்கண்டத்தின் பாறுகளில் மிகப் பெரும்பாலானவை வாழும் ஸ்பெயின், நம் நாட்டில் நடந்தது உலகறிந்தபின், 2013இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது. அங்கே அந்த மருந்தால் செத்த கரும்பாறு ஒன்று பின்னர் கண்டெடுக்கப்பட்டது.

நம்பிக்கை தருவது நேபாளம். நவல்பராசி மாவட்டத்தில் பித்தௌலி என்ற கிராமத்து மக்கள் 2006இல் ஜடாயு உணவகம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பால் வற்றிய கிழட்டு மாடுகளை உரியவர்களிடமிருந்து வாங்கி, நஞ்சுமருந்து எதுவும் கொடுக்காமல் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அவை இயற்கையாகச் செத்தபின் பாறுகளுக்குப் போடுவார்கள். பசுவைக் கொல்வது சட்டப்படி குற்றமான நாட்டில், பசுவையும் கைவிடாமல் பறவையையும் கைவிடாமல் ஊர்மக்கள் கண்ட வழி இது. சுற்றுவட்டாரக் கடைகளிலிருந்த டைக்ளோஃபெனாக்கை அகற்றி மெலாக்சிகாமைக் கொடுத்தார்கள். கூடுகளின் எண்ணிக்கை ஏறியது. நேபாளத்தில் வெண்முதுகுப் பாறு இன்று மெதுவாகப் பெருகிவருகிறது.

இந்தியாவில் ஹரியானாவின் பிஞ்ஜோர், அசாமின் ராணி, மேற்கு வங்கத்தின் ராஜாபட்கவா, போபால் ஆகிய இடங்களில் பாறுகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்விக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை என்பதால், முதல் முட்டையை எடுத்து அடைகாப்பானில் பொரிக்கவைத்து, தாய் இரண்டாவது முட்டையிடச் செய்யும் பொறுமையான வேலை நடக்கிறது. பிஞ்ஜோரில் வளர்ந்த வெண்முதுகுப் பாறுகள் சில 2020இல் காட்டில் விடப்பட்டன. ஆனால் வெளியே விழும் மாட்டில் நஞ்சு இருக்கும்வரை கூண்டில் எத்தனை வளர்த்தாலும் பயனில்லை. 2015இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பின்படி வெண்முதுகுப் பாறு இந்தியாவில் சுமார் 6,000. இனி எல்லாம் சரியாக நடந்தாலும் முன்பிருந்த நிலைக்குத் திரும்ப நம் பேரப்பிள்ளைகளின் காலம்கூடப் போதாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடு நொண்டினாலோ மடி வீங்கினாலோ ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள்; விலையும் அதிகமில்லை, பலனும் குறைவில்லை. டைக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசி போட்ட மாடு சில நாளில் செத்துவிட்டால் திறந்த வெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். காட்டோரம் வசிப்பவர்கள் புலி அடித்த மாட்டின் மேல் விஷம் வைக்காமல் வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். மாடு இல்லாதவர்கள், தங்கள் ஊர் மருந்துக் கடையிலும் கால்நடை மருந்தகத்திலும் இந்த மருந்துகள் மாட்டுக்கு விற்கப்படுவதைக் கண்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுங்கள்.